நவம்பர் புயலுக்கு மூன்று பவுண்டு? அயர்லாந்துப் பழைய கடிதக்கட்டு, விளக்கம் தேவை

செல்வி_க | செவ்வாய், இரவு 9.12

வணக்கம். இதை எந்தப் பிரிவில் போடுவதென்று தெரியவில்லை, மட்டுறுத்துநர் பார்த்து மாற்றிக்கொள்ளட்டும்.

நாங்கள் இருப்பது மாசசூசெட்ஸில். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது, அயர்லாந்து வம்சம். அவருடைய பாட்டி மேயோ கவுன்டியிலிருந்து 1896-ல், பதினெட்டு வயதில், தனியாகக் கப்பலேறி வந்து பாஸ்டனில் ஒரு பெரிய வீட்டில் சமையலுக்கு நின்றவர். ஊரிலிருந்து அவருக்கு வந்த கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. மொத்தம் 31. முதல் கடிதம் 1897, கடைசி 1912. பேத்திக்கு இப்போது கண் சரியில்லை. "நீ கம்ப்யூட்டரில் அடித்துத் தருவாயா?" என்று கேட்டார். நானும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

எல்லாம் அம்மா சொல்ல அண்ணன் எழுதியது. ஆரம்பம் எப்போதும் ஒன்றுதான்: நாங்கள் நலம், ஆண்டவனுக்கு நன்றி, நீயும் அப்படியே இருப்பாய் என நம்புகிறோம். நம் ஊர் "இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்" அப்படியே கண்முன் வந்து நின்றது. அப்புறம் ஊர்ச் செய்தி. யாருக்குக் கல்யாணம், யார் செத்தார், எந்தப் பசு கன்று போட்டது, உருளைக்கிழங்கு தேறுமா, சதுப்பில் வெட்டிய எரிமண் மழைக்கு முன் காய்ந்ததா.

இரண்டு சந்தேகம்.

ஒன்று. 1898 கடிதத்தில், "உன் மூன்று பவுண்டு நவம்பர் புயலுக்குச் சரியாக வந்து சேர்ந்தது" என்று இருக்கிறது. 1899-ல் "மே புயலுக்கு". அதெப்படி முன்கூட்டியே தேதி தெரிந்த புயல்? ஆங்கிலத்தில் 'கேல்' என்றுதான் எழுதியிருக்கிறார், எழுத்து தெளிவாகவே இருக்கிறது.

இரண்டாவது, சந்தேகம் என்பதைவிட மனத்தாங்கல் என்று சொல்லலாம். 31 கடிதத்தில் ஒன்றில்கூட "உனக்கு அங்கே எப்படி இருக்கிறது?" என்று உருப்படியாக ஒரு கேள்வி இல்லை. "திரும்பி வா" என்ற சொல்லும் இல்லை. பணம் வந்தது, பணம் வந்தது, பணம் வந்தது. தட்டச்சு செய்யச் செய்ய எனக்கே கோபமாக வருகிறது.

---

ராவுத்தர் | செவ்வாய், இரவு 10.05

முதல் சந்தேகத்துக்குப் பதில் சுலபம். அது புயல் அல்ல, குத்தகை.

அயர்லாந்து ஆங்கிலத்தில் 'கேல்' என்றால் அரையாண்டுக்கு ஒருமுறை நிலக்கிழாருக்குக் கட்டும் வாடகைத் தவணை. வழக்கமாக மே, நவம்பர் மாதங்களில் வரும். ஒரு தவணையைப் பாக்கி வைத்துக்கொள்ள நிலக்கிழார் விட்டுக்கொடுப்பதும் உண்டு, அதற்கு 'தொங்கும் கேல்' என்று பெயர். சலுகைபோலத் தெரியும். ஆனால் குடியானவன் என்றைக்கும் பாக்கிக்காரனாகவே இருப்பான், எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாம் என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

ஆக உங்கள் பக்கத்து வீட்டு அம்மாளின் பாட்டி அனுப்பியது கூரையைக் காப்பாற்றிய பணம். கணக்கைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு பவுண்டு கிட்டத்தட்ட 4 டாலர் 87 சென்ட். மூன்று பவுண்டு என்றால் 15 டாலருக்குச் சற்றுக் குறைவு. வீட்டுவேலைக்கு நின்ற பெண்ணுக்கு வாரம் 3 முதல் 5 டாலர். ஏறத்தாழ ஒரு மாத உழைப்பு ஒரே கவரில் போயிருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. 1848 முதல் 1864 வரை மட்டுமே வட அமெரிக்காவிலிருந்து சுமார் 1 கோடியே 30 லட்சம் பவுண்டு அயர்லாந்துக்குப் போனதாக அரசுக் கணக்கு. 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதற்கும் மேலானோர் கப்பலேறிய பிறகு, மேற்குக் கரையில் பல வீடுகள் நின்றது இந்தக் கவர்களை நம்பித்தான். 'அமெரிக்கக் கடிதம்' என்றாலே உள்ளே பணம் இருக்கிறது என்று அர்த்தம். பணமில்லாமல் வந்தால் அதற்குக் 'காலிக் கடிதம்' என்று பேர்.

1903-க்குப் பிந்திய கடிதங்களில் சொல் மாறுகிறதா என்று கவனியுங்கள். அந்த ஆண்டு வின்ட்ஹாம் சட்டம் வந்தது. குத்தகைதாரர்கள் நிலத்தை வாங்கி, விலையை அரசுக்கு 68½ ஆண்டுத் தவணையில் கட்டலாம் என்றானது.

---

செல்வி_க | செவ்வாய், இரவு 10.31

ஐயோ, ராவுத்தர் ஐயா! "புயலுக்கு உதவிய பணம்" என்று நான் ஏற்கனவே ஆறு பக்கம் அடித்து வைத்திருக்கிறேன், அடிக்குறிப்போடு.

ஆனால் இதைக் கேட்டதும் கோபம் இன்னும் கூடுகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு கடிதமும் ஒரு வாடகை ரசீது. மகளுக்கு எழுதிய கடிதம் இல்லை.

---

நாலாம்வீடு | செவ்வாய், இரவு 11.20

கோபம் நியாயம்தான், குறைக்க வேண்டாம்.

பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்துக் குடும்பம் எப்படி நடந்தது தெரியுமா? முன்புபோல நிலத்தைத் துண்டு போடுவதில்லை. ஒரே ஒரு மகனுக்கு நிலம். ஒரே ஒரு மகளுக்குச் சீர். மிச்சப் பிள்ளைகளுக்குக் கப்பல். போகிறவர்களுக்கு முதல்நாள் ராத்திரி வீட்டில் பாட்டு, ஆட்டம், ஒப்பாரி. அதற்கு 'அமெரிக்க இழவு' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இழவு.

சீர் யார் பணத்தில்? பல வீடுகளில் கப்பலேறிய அக்கா அனுப்பிய பணத்தில். அக்கா பாஸ்டனில் கன்னியாகவே பாத்திரம் தேய்ப்பாள், தங்கை ஊரில் அந்தக் காசில் பெண்டாட்டியாவாள். இதைப் போய் பாசம், தியாகம் என்று யாராவது எழுத வந்தால் நான் இங்கேயே இருக்கிறேன்.

---

மழைக்காகிதம் | புதன், காலை 6.48

நைட் ஷிஃப்ட் முடிச்சு பஸ்ஸுல இருந்து எழுதறேன், பிழை இருந்தா மன்னிக்கவும். நான் யாங்கர்ஸ்ல நர்ஸ். இங்க மக்லீன் அவென்யூ, பக்கத்துல பிராங்ஸ் உட்லான், ரெண்டும் ஐரிஷ் தெரு. என்கூட வேலை பாக்கறவங்கள்ல பாதிப் பேர் அங்கதான்.

நாலாம்வீடு சார், அந்தப் பொண்ணுங்களை வெறும் கறவை மாடாக்கிட்டீங்களே. மத்த ஐரோப்பிய நாட்டுக்காரங்க அப்பாவோட, புருஷனோட வந்தாங்க. அயர்லாந்துல இருந்துதான் கல்யாணமாகாத பொண்ணுங்க ஆம்பளைங்களுக்குச் சமமா தனியா வந்தாங்க. ஏன்? ஊர்ல அவங்களுக்கு நிலமும் இல்ல, சீரும் இல்ல, அப்பா பார்க்கிற மாப்பிள்ளைக்காக முப்பது வயசு வரைக்கும் காத்திருக்கணும். இங்க சாப்பாடும் தங்கறதும் முதலாளி வீட்டுல. ஃபேக்டரிப் பொண்ணை மாதிரி ரூம் வாடகை, ரொட்டிக் காசு கிடையாது. சம்பளம் முழுசா கையில நிக்கும். வியாழக்கிழமை மத்தியானம் லீவு. தொப்பி வாங்கினாங்க, டான்ஸுக்குப் போனாங்க. வேலை பிடிக்கலைன்னா அடுத்த தெருவுல வேற வீடு பாத்துக்கிட்டாங்க.

நியூயார்க்ல 1850-ல எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஐரிஷ்காரங்களுக்காகவே. அந்தப் பழைய ரிஜிஸ்டருங்க நியூயார்க் பொது நூலகத்துல இருக்கு. கணக்கு வச்சவங்கள்ல வீட்டுவேலைப் பொண்ணுங்க ஏராளம். ஆள் மாறாட்டம் நடக்கக்கூடாதுன்னு அப்பா பேர், அம்மா பேர், எந்த ஊர், எந்தக் கப்பல், கூடப்பிறந்தவங்க எங்க இருக்காங்க, எல்லாம் கேட்டு எழுதி வச்சிருக்காங்க. பேங்க் புக்கைத் திறந்தா ஒரு குடும்பமே இருக்கும்.

அனுப்பினதும் அவங்க இஷ்டம்தான். அந்தப் பணத்துல அடுத்த தங்கச்சிக்கு டிக்கெட் எடுத்துக் கூப்பிட்டுக்கிட்டாங்க. அக்கா வேலை பாக்கற தெருவுலயே தங்கச்சிக்கும் ஒரு வீடு பேசி வச்சிருப்பாங்க.

---

சுக்குக்காப்பி | புதன், காலை 9.15

சமையலுக்கு நின்றார் என்றதும் நான் வராமல் இருப்பேனா?

அந்தப் பதினெட்டு வயதுப் பெண் வீட்டில் எதில் சமைத்திருப்பாள் என்று யோசியுங்கள். தரையோடு தரையாக எரிமண் நெருப்பு, மேலே கொக்கியில் தொங்கும் இரும்புப் பானை. உருளைக்கிழங்கு, மோர், வாய்த்தால் உப்புக்கண்ட மீன். ரொட்டி சுட மூடிபோட்ட சட்டி, மூடிமேல் தணல். அங்கிருந்து நேராக பாஸ்டன் மாளிகைக்கு வந்தால் ஆள் உயரத்துக்குக் கரியடுப்பு, பத்து வகை வாணலி, வெள்ளிக் கரண்டி, எந்த விருந்தினருக்கு எந்தத் தட்டு என்ற சட்டம். முதல் ஆறு மாதம் எப்படிப் போயிருக்கும்! 'பக்' போன்ற கேலிச்சித்திர இதழ்கள் 'பிரிட்ஜெட்' என்று ஒரு முரட்டுச் சமையற்காரியை வரைந்து வரைந்தே சிரித்தன. சமைக்கத் தெரியாதவள், எஜமானியை எதிர்த்துப் பேசுகிறவள். எதிர்த்துப் பேசினாள் என்பதை நான் நம்புகிறேன், சந்தோஷமாக நம்புகிறேன்.

அப்புறம் எல்லோரும் மார்ச் 17, புனித பாட்ரிக் திருநாளில் இங்கே தின்கிற கார்ன்டு பீஃப், கோஸ். அயர்லாந்து வீட்டில் அது பன்றிக்கறியும் கோஸும்தான். மாட்டுக்கறி அங்கே குடியானவன் வாய்க்கு எட்டாது. நியூயார்க்குக்கு வந்து, யூதக் கசாப்புக்கடைகளில் உப்பில் ஊறிய மாட்டு நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைக்க, அதுவே ஊர்ச்சாப்பாடாகிவிட்டது. சோடா ரொட்டியும் அப்படித்தான். ஊரில் மாவு, மோர், சோடா, உப்பு, அவ்வளவே. இங்கே அதில் திராட்சை, கேரவே விதை, சர்க்கரை, முட்டை எல்லாம் ஏறிவிட்டன. எனக்கு அமெரிக்க ரொட்டிதான் பிடிக்கும், கல்லெறிய வேண்டாம்.

செல்வி, கடிதத்தில் சாப்பாடு பற்றி ஏதாவது இருந்தால் போடுங்களேன்.

---

தினேஷ்_ஆர் | புதன், காலை 11.02

குடியேற வருபவர்களைப் பதிவுசெய்த நியூயார்க் எல்லிஸ் தீவில் முதலில் இறங்கியதும் ஒரு ஐரிஷ் பெண்தானே, ஆனி மூர். அப்புறம் டெக்சாஸ் போய் அங்கே ரயிலில் அடிபட்டுச் செத்ததாகப் படித்திருக்கிறேன். பாவம்.

---

ராவுத்தர் | புதன், நண்பகல் 12.20

தம்பி, அது வேறு ஆனி மூர். பல காலம் எல்லோரும் நம்பிய கதைதான், 2006-ல் வம்சாவளி ஆய்வாளர் ஒருவர் ஆவணங்களைத் தோண்டித் திருத்தினார்.

உண்மையான ஆனி மூர் கார்க் நகரத்துப் பெண். 1892 ஜனவரி 1, எல்லிஸ் தீவு திறந்த நாளில் 'நெவாடா' கப்பலிலிருந்து இரண்டு தம்பிகளோடு இறங்கினார். அதிகாரிகள் 10 டாலர் தங்கக்காசு கொடுத்தார்கள். அப்பா அம்மா முன்னமே வந்து நியூயார்க்கில் இருந்தார்கள். ஆனி அந்த ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. லோயர் ஈஸ்ட் சைடு நெரிசல் குடியிருப்புகளிலேயே வாழ்ந்து, ஜெர்மன் வம்சத்து ஆள் ஒருவரைக் கட்டிக்கொண்டு, வரிசையாகப் பிள்ளை பெற்று, அதில் பாதிப் பேரைக் குழந்தையிலேயே பறிகொடுத்து, 1924-ல் இறந்தார். 2008 வரை கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. டெக்சாஸ் கதையில் ஒரு வேகம் இருக்கிறது, அதனால் அது பரவியது. இதில் வாடகையும் குழந்தைச் சாவும்தான்.

அதே வட்டாரத்தில் ஆர்ச்சர்ட் தெரு 97-ஆம் எண் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். 1869-ல் அங்கே குடியிருந்த ஒரு ஐரிஷ் தம்பதியின் கைக்குழந்தை ஊட்டமின்றி மெலிந்தே இறந்தது. அந்த வீட்டை அன்றிருந்தபடி வைத்துக் காட்டுகிறார்கள். கலப்படப் பால் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். போனால் பாருங்கள்.

---

கொடிக்கால் | புதன், மாலை 5.40

நான் தபால் துறையிலே முப்பத்திரண்டு வருசம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அயர்லாந்து பத்தி எனக்கு இந்த இழையிலே படிச்சதுதான் தெரியும். ஆனா கடிதம் பத்தித் தெரியும்.

செல்வியம்மா, அந்தக் கடிதத்தை யார் எழுதினதுன்னு சொன்னீங்க? அம்மா சொல்ல, அண்ணன் எழுதினது. அப்ப அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பொண்ணு பாஸ்டன்லேர்ந்து எழுதினா அதையும் யாரோதான் படிச்சுச் சொல்லணும். நான் கிராமத்துலே மணியார்டர் கொண்டுபோனா, பணத்தை எண்ணிக் குடுக்கிறது பாதி வேலை, கூட வந்த லெட்டரைப் படிச்சுக் காட்டறது பாதி வேலை. திண்ணையிலே உக்காந்து படிப்பேன், பக்கத்து வீட்டுக்காரி, எதிர்வீட்டுக்காரி எல்லாம் வந்து நிப்பாங்க. எட்டுப் பேர் கேக்கற லெட்டர்லே மக எதை எழுதுவா? "எஜமானியம்மா ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வேலை வாங்கறா, அழுதுகிட்டே தூங்கறேன்"னு எழுதுவாளா? எழுதினா ஊரெல்லாம் தெரிஞ்சு போகும்.

பதிலும் அப்படித்தான். அண்ணன் கையாலே எழுதற லெட்டர்லே ஒரு தாய் மகளுக்கு என்ன சொல்ல முடியும்? பசு கன்னு போட்டதைச் சொல்லலாம்.

நானே சில வரியை முழுங்கியிருக்கேன். ஒருதரம் பையன் ஆஸ்பத்திரியிலே இருக்கான்னு லெட்டர், அந்தம்மா ஒத்தையா உக்காந்திருக்கு. "சளி, காய்ச்சல்"னு படிச்சுட்டு வந்துட்டேன். சரியா தப்பான்னு இன்னைக்கும் தெரியலே.

ஒண்ணு சொல்றேன். நெசமான சங்கதி தனிச் சீட்டுலே வரும். பெரிய லெட்டரோட குண்டூசி குத்தி, இல்லேன்னா உள்ளே மடிச்சு. டப்பாவிலே அப்படி ஏதாவது இருக்கான்னு பாருங்க.

---

ராவுத்தர் | புதன், மாலை 6.30

கொடிக்கால் அண்ணன் வாசலைத் திறந்துவிட்டார். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேயோவின் மேற்குப் பகுதிகளில் அந்தத் தலைமுறைத் தாய்க்கு வீட்டுமொழி ஐரிஷாகவே இருந்திருக்கக்கூடும். ஆனால் கடிதம் எப்போதும் ஆங்கிலத்தில்தான். 1831-ல் ஏற்பட்ட தேசியப் பள்ளிகள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டுமே எழுதக் கற்றுக்கொடுத்தன. ஐரிஷில் பேசத் தெரியும், எழுதத் தெரியாது. தாய் ஐரிஷில் சொல்வாள், அண்ணன் பள்ளியில் மனப்பாடம் செய்த ஆங்கில வாசகத்தில் அதை வைப்பான். "நலம், ஆண்டவனுக்கு நன்றி" என்ற அந்த வரி அப்படி வந்ததுதான். இடையில் எது உதிர்ந்ததோ, அது எழுத்துக்கே வரவில்லை.

கடிதமே வராமல் நின்றுபோன வீடுகளும் உண்டு. பாஸ்டனில் 'பைலட்' என்ற கத்தோலிக்க வாரப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை, தொண்ணூறு ஆண்டு, காணாமல் போனவர்களைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. பெயர், திருச்சபைப் பங்கு, எந்த ஆண்டு எந்தக் கப்பல், கடைசியாகக் கண்ட இடம். அதில் பல, ரயில்பாதை வேலைக்கோ கால்வாய் வெட்டவோ போய்த் திரும்பாத கணவனைத் தேடும் மனைவி, அண்ணனைத் தேடும் தங்கை. பாஸ்டன் கல்லூரி அதையெல்லாம் இணையத்தில் தேடும்படி செய்திருக்கிறது. ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்தேன், இரண்டாம் ராத்திரி தொடவில்லை.

---

செம்புப்பாறை | புதன், இரவு 8.55

மொன்டானாவிலிருந்து ஒரு குரல். சுரங்கப் பொறியாளன், ப்யூட் நகரத்தில் நாலு வருடம் இருந்தேன்.

ஐரிஷ் என்றால் எல்லோரும் பாஸ்டன், நியூயார்க் என்றே பேசுகிறீர்கள். 1900 வாக்கில் ப்யூட்டில் நாலில் ஒருவர் ஐரிஷ். கார்க் கவுன்டி பியரா தீபகற்பத்தில் அலிஹீஸ் என்ற ஊரில் செம்புச் சுரங்கம் மூடியதும், அங்கிருந்தவர்கள் கொத்தாக இங்கே வந்து இறங்கினார்கள். அனகோண்டா செம்புக் கம்பெனியை வளர்த்த மார்கஸ் டேலியும் அயர்லாந்தில் பிறந்தவர், காவன் கவுன்டி. ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் சல்லிவன். கல்லறையில் இன்னும் அதிகம்.

இங்கே வீட்டுக் கதை வேறு மாதிரி. கல்தூசி நுரையீரலில் ஏறி ஆண்கள் நாற்பதைத் தாண்டாமலே போய்ச் சேருவார்கள். 1917 ஜூன் 8-ல் ஸ்பெகுலேட்டர் சுரங்கத் தீயில் மட்டும் 168 பேர். விதவை என்ன செய்வாள்? வீட்டில் நாலு அறை இருந்தால் மூன்றில் தனியாள் சுரங்கக்காரர்களைத் தங்கவைப்பாள். ஷிஃப்ட் முறை என்பதால் ஒருவன் எழுந்த கட்டிலில் இன்னொருவன் படுப்பான். விடியற்காலையில் டிபன் வாளி கட்ட வேண்டும். வாளிக்குள் பேஸ்டி என்ற இறைச்சி வைத்த மடிப்பு ரொட்டி. கார்ன்வால் சுரங்கக்காரர்கள் கொண்டுவந்த பண்டம், ஆனால் எல்லோரும் தின்றார்கள். அதற்கு இங்கே இன்றைக்கும் ஒரு செல்லப்பெயர் இருக்கிறது: 'வீட்டிலிருந்து வந்த கடிதம்'.

இந்த இழைக்கு இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

---

நாலாம்வீடு | புதன், இரவு 10.10

நல்லா இருக்கு. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டாயிற்றா? இப்போது மறுபக்கம்.

1863 ஜூலையில் நியூயார்க்கில் ராணுவ ஆளெடுப்பை எதிர்த்துக் கலவரம். கூட்டத்தில் பெரும்பகுதி ஐரிஷ் உழைப்பாளிகள். கறுப்பின மக்களை அடித்துக் கொன்றார்கள், கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்தையே கொளுத்தினார்கள். துறைமுகத்தில் கறுப்பினத்தவர் வேலைக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் "ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று வைத்த பலகை கதையை மட்டும் பேரப்பிள்ளை வரைக்கும் சொல்கிறார்கள்.

---

ராவுத்தர் | புதன், இரவு 10.42

சொன்னது உண்மை, அநாதை இல்லத்துக் கதையை மறைக்க முடியாது. பலகை விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். அது வெறும் கட்டுக்கதை என்று 2002-ல் ஒரு பேராசிரியர் கட்டுரை எழுதினார். 2015-ல் பதினாலு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி பழைய செய்தித்தாள்களைத் துழாவி, அந்த வாசகத்தோடு வந்த விளம்பரங்களை ஏராளமாக எடுத்துக்காட்டி, ஆய்விதழிலேயே மறுப்பு வெளியிட்டாள். விளம்பரம் இருந்ததும் உண்மை, கலவரம் செய்ததும் உண்மை.

---

மட்டுறுத்துநர் | புதன், இரவு 11.00

இழை நன்றாகப் போகிறது. கலவரம் பற்றித் தனி இழை திறந்தால் இணைப்பு தருகிறேன், இங்கே வீட்டுச் செய்தி தொடரட்டும்.

---

மழைக்காகிதம் | வியாழன், காலை 7.05

இன்னைக்கு வியாழன், பழைய கணக்குப்படி சமையற்காரிங்க லீவு நாள். எனக்கு லீவு இல்ல.

இப்பத்திய வீட்டுச் செய்தி எப்படிப் போகுதுன்னு சொல்றேன். அமெரிக்காவோட 1965 குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம் அயர்லாந்துல இருந்து வர்றது கஷ்டமாயிடுச்சு. எண்பதுகள்ல ஊர்ல வேலை இல்லாம டூரிஸ்ட்டா வந்து தங்கிட்டவங்க நிறைய. டானலி விசா, மாரிசன் விசான்னு லாட்டரி மாதிரி வந்தது, சிலருக்குக் கிடைச்சது, சிலருக்கு இல்ல. கிடைக்காதவங்க இன்னும் இங்கதான், கட்டட வேலை, வயசானவங்களைப் பாத்துக்கற வேலை. ஊருக்குப் போனா திரும்ப வர முடியாது.

எங்க யூனிட்ல ஒரு அக்கா தினம் காலைல காப்பியோட முதல்ல திறக்கறது பேஸ்புக் இல்ல, ஆர்.ஐ.பி. டாட் ஐ.இ. 2005-ல ஆரம்பிச்ச சைட். அயர்லாந்துல யார் செத்தாலும் அதுல வரும், எந்தக் கோயில்ல எப்ப அடக்கம்னு. "எங்க கவுன்டில இன்னைக்கு யாரு"ன்னு பாத்துட்டுதான் அடுத்த வேலை. அமெரிக்க ஐரிஷ்காரங்க பேப்பர்ல வர்ற இரங்கல் பக்கத்தை 'ஐரிஷ் ஸ்போர்ட்ஸ் பேஜ்'னு கிண்டல் பண்ணுவாங்க, அது சும்மா இல்ல.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், விசா பேப்பர் இல்லாதவர். அவங்க அப்பா அடக்கம் லெய்ட்ரிம்ல. கோயில்ல கேமரா இருக்கு, நேரலை வருது. பிரேக் ரூம்ல போனைத் தண்ணி பாட்டில்மேல சாய்ச்சு வச்சுப் பாத்தார். நாங்க நாலு பேர் பின்னாடி நின்னோம். கேமரா மாடத்துல இருந்து எடுக்குது, எல்லார் தலையும் மேல இருந்துதான் தெரியுது. "அது என் தம்பி, வழுக்கை விழுந்திருக்கு, எனக்கு யாரும் சொல்லவே இல்ல"ன்னார்.

---

செல்வி_க | வியாழன், இரவு 9.50

இரண்டு நாளாக வேலை. இப்போதுதான் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன்.

ராவுத்தர் ஐயா, 1908 கடிதத்தில் 'கேல்' போய் 'தவணை' வந்துவிட்டது! இனி அண்ணன் நிலக்கிழாருக்குத் தரவில்லை என்று எழுதியிருக்கிறார், அந்த வரியை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

பெயர்க் குழப்பம் தீர ஒரு வழி சொல்லுங்கள். நாலு மேரி, மூன்று பாட்ரிக் வருகிறார்கள்.

சுக்குக்காப்பிக்காக: சாப்பாடு பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் 1901-ல் "எங்களிடம் ஒன்பது பானம் இருக்கிறது, நல்ல விலை போகும்" என்று இருக்கிறது. குடிக்கிற பானமா, சாராயம் காய்ச்சினார்களா? பேத்திக்கும் தெரியவில்லை.

---

ராவுத்தர் | வியாழன், இரவு 10.15

'பானம்' என்றால் பன்றிக்குட்டி அம்மா! ஐரிஷ் மொழியில் 'பான்வ்', அயர்லாந்து ஆங்கிலத்தில் 'பானம்'. பன்றியை அங்கே 'வாடகை கட்டும் கனவான்' என்பார்கள். வீட்டு உருளைத்தோலைத் தின்று வளரும், தவணை நாளுக்கு முன் சந்தைக்குப் போகும்.

பெயருக்கு வழமை உண்டு. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா, அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா. பேரன் என்ற சொல்லுக்கே பெயர் தாங்குபவன் என்று பொருள் சொல்லும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. எல்லா அண்ணன் தம்பியும் முதல் மகனுக்கு ஒரே தாத்தா பெயரை வைத்தால் மூன்று பாட்ரிக் வராமல் என்ன செய்யும்? தகப்பன் பெயரோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் கால்வே பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். 'இமிர்க்கே' என்று, அதாவது குடிபெயர்வு என்று பெயரிட்டு, 2024-ல் இணையக் காப்பகம் தொடங்கியிருக்கிறார்கள். கெர்பி மில்லர் என்ற பேராசிரியர் பல பத்தாண்டுகள் திரட்டிய கடிதங்கள், ஏழாயிரம்போல. பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போனவை. ஊரிலிருந்து அமெரிக்கா வந்த கட்டு, அதுவும் முழுசாக, அவர்களுக்கு அருமையாக இருக்கும்.

---

நாலாம்வீடு | வியாழன், இரவு 10.28

ஒன்பது பன்றிக்குட்டியும் ஒரு மகளும். வாடகை கட்டியது யார் என்று நான் மறுபடி சொல்லவேண்டியதில்லை.

---

செல்வி_க | வெள்ளி, இரவு 8.30

கொடிக்கால் ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன்.

டப்பாவில் தனிச் சீட்டு எதுவும் இல்லை. ஆனால் கடிதங்களை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆறு கடிதத்தில் இடது மேல் மூலையில் இரண்டிரண்டு ஊசித்துளை, சுற்றிலும் துரு. 1899, 1900-ல் இரண்டு, 1904, 1905, 1911. மற்ற 25-ல் இல்லை.

பேத்தியிடம் காட்டினேன். கண் தெரியாததால் விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு அம்மா வழியில் கேட்ட ஒன்று நினைவிருக்கிறது. 1900-ல் தங்கை வந்து சேர்ந்தாள், டிக்கெட் பாட்டி எடுத்தது. அண்ணனுக்குத் தெரியாமல் நடந்த ஏற்பாடு என்று. 1911 எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. "சீட்டெல்லாம் எங்கே போயிருக்கும்?" என்றேன். "அவள் வேலையே அடுப்படியில்தானே" என்றார்.

நாளை ஸ்கேன் செய்யப்போகிறேன். மடிப்பு மடிப்பாக இருக்கிறது, லேசாக இஸ்திரிப் பெட்டி வைக்கலாமா?

---

கொடிக்கால் | வெள்ளி, இரவு 8.41

வேண்டாம்மா. சூடு பட்டா பழைய தாள் முறிஞ்சுடும். கனமான புஸ்தகத்துக்கு அடியிலே ரெண்டு நாள் வச்சா போதும். துளை இருக்கற மூலையை நீவி விட்டுடாதீங்க, துரு இருந்தாலும் இருக்கட்டும்.